நடக்கச் சொல்லும் உரிமை

“நடக்கச் சொன்னேன், கேட்கவில்லை” என்பது வைத்தியர்கள் வாயில் அடிக்கடி பிறக்கும் ஒரு கூற்று. பாரிசவாதத்தால் கட்டிலில் விழுந்தவரின் மகனிடம் அது சொல்லப்படுகின்றது. நீரிழிவு கட்டுக்கடங்காத நோயாளரின் மனைவியிடம் சொல்லப்படுகின்றது. சில வேளைகளில் நோயாளரின் முகத்துக்கு நேரேயும் சொல்லப்படுகின்றது. சொல்பவரின் குரலில் வருத்தம் உண்டு. வருத்தத்தோடு கூடவே ஒருவகை ஆறுதலும் உண்டு. தம் கடமை நிறைவேறிவிட்டது, இனி வருவது வந்தவரையே சாரும் என்று கணக்கை முடித்து ஏட்டை மூடும் ஆறுதல் அது. மூன்றே சொற்களில் அமைந்த இக்கூற்று ஒழுக்கவியல் நோக்கில் எளிதிற் கடந்து செல்லத்தக்கதன்று. சொல்லுதல் எப்போது கடமையின் நிறைவாகின்றது? அதற்கும் முன்பாக, இன்னொருவரது அன்றாட வாழ்க்கையின் ஒழுங்கினுட் புகுந்து, இவ்வேளையில் எழு, இவ்வளவு தூரம் நட என்று கூறும் உரிமை வைத்தியருக்கு எங்கிருந்து வருகின்றது?

மருந்து கொடுத்தல் வேறு; வாழும் முறையை மாற்றச் சொல்லுதல் வேறு. குளிசை ஒன்றை விழுங்குவதற்கு ஒரு மிடறு நீரும் ஒரு கணப்பொழுதும் போதும். நடைக்கோ நேரம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல், வளர்ந்தோருக்கு வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடம் வரையிலான மிதமான உடலியக்கத்தை விதந்துரைக்கின்றது. அதன் கீழெல்லையைக் கொண்டு கணக்கிட்டாலும் ஆண்டொன்றுக்கு 130 மணித்தியாலம் ஆகின்றது. இரண்டு நிமிடச் சந்திப்பில், எழுதும் துண்டிலிருந்து கண்ணை உயர்த்தாமலே, “கொஞ்சம் நடவுங்கோ” என்று சொல்லும் வைத்தியர், மற்றொருவரது வாழ்நாளிலிருந்து ஆண்டுதோறும் 130 மணித்தியாலத்தைக் கேட்கின்றார். கேட்பதன் பருமன் கேட்பவருக்கே தெரிவதில்லை என்பதுதான் விந்தை.

அறிவுரையின் உண்மையில் ஐயம் இல்லை. 1953 ஆம் ஆண்டில் ஜெரி மொறிஸும் அவர்தம் உடனாய்வாளரும் ‘லான்செற்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. இலண்டன் நகரின் இரட்டைத்தட்டு பஸ்களில் பணிபுரிந்த சாரதிகளையும் நடத்துநர்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். இரு சாராரும் ஏறத்தாழ ஒரே சமூகப் பின்னணியினர். ஒரே நிறுவனத்தில், ஒரே பஸ்ஸில் ஊதியம் பெற்றவர்கள். சாரதி நாள் முழுவதும் இருக்கையில் இருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்கும்பொருட்டு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கினார். நடத்துநரிடையே இருதயநோய் குறைவாகவும் காலந்தாழ்த்தியும் தோன்றியது; தோன்றியவிடத்தும் அது அவ்வளவு கொடியதாக இருக்கவில்லை. மொறிஸ் இதனோடு அமைந்துவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. 1956 இல் பணியாளரின் சீருடை அளவுகளை ஆராய்ந்த அவர்கள், சாரதிகள் வேலையிற் சேரும்போதே இடை பருத்தவர்களாக இருந்தனர் என்று கண்டனர். ஆகவே வேறுபாடு முழுவதையும் படிக்கட்டின் கணக்கில் எழுதுதல் தகாது. எனினும் பிற்காலத்து ஆய்வுகள் பல, உடலியக்கம் இருதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் நன்மை பயப்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியுள்ளன.

ஆயினும் இவ்வாய்வில் வைத்தியர்கள் அதிகம் எண்ணிப் பாராத ஒரு செய்தி பொதிந்துள்ளது. அந்த நடத்துநர்களுக்கு எவரும் படியேறச் சொல்லவில்லை. தம் இருதயத்தைக் காக்கும் நோக்கோடு அவர்கள் ஏறவுமில்லை. அவர்களது நலம் மனவுறுதியின் பயன் அன்று. பஸ்ஸின் அமைப்பும் தொழிலின் ஒழுங்கும் தற்செயலாக ஈந்த பயன். சாரதியும் சோம்பலால் அமர்ந்திருக்கவில்லை; அமர்ந்திருப்பதற்கே அவருக்குச் சம்பளம். ஒருவர் அசைகின்றாரா இல்லையா என்பதை அவருடைய குணத்திலிருந்து மட்டும் படித்துவிட முடியாது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

அறிவுரையை மட்டும் நம்பும் வைத்தியர், தாம் அறியாமலே சோக்கிரட்டீஸின் மாணவராகின்றார். நல்லது இதுவென மெய்யாக அறிந்தவன் அதற்கு மாறாக நடக்கமாட்டான், தவறெல்லாம் அறியாமையே என்பது ‘புரோட்டகோரஸ்’ உரையாடலில் சோக்கிரட்டீஸ் நிறுவ முயலும் கருத்து. இக்கருத்து உண்மையாயின் வைத்தியரின் வேலை எளிது. தெரியாததைத் தெரியவைத்தால் போதும். ஆனால் இன்று நீரிழிவுள்ள எவருக்கும் நடை நல்லது என்பது தெரியாததன்று. வைத்தியர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் சொல்லப்போவதை நோயாளர் அறிவார். அறிந்தும் செய்யாமை என்னும் இந்நிலையையே அரிஸ்டோட்டில் தம் ‘நிக்கோமாக்கிய ஒழுக்கவியல்’ ஏழாம் நூலில் தனியே எடுத்து ஆராய்ந்தார். சோக்கிரட்டீஸின் முடிவு கண்கூடான அனுபவத்துக்கு முரணானது என்று அவர் சுட்டினார்.

அதே நூலின் இரண்டாம் பகுதியில் ஓர் உவமை வருகின்றது. அறத்தைப் பற்றிப் பேசுவதாலேயே அறவோராகிவிடலாம் என்று எண்ணுவோர், வைத்தியர் கூறுவதைக் கவனமாகச் செவிமடுத்துவிட்டு அதில் ஒன்றையும் செய்யாத நோயாளரைப் போன்றவர்கள் என்கின்றார் அரிஸ்டோட்டில். இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே அத்தகைய நோயாளர் பழமொழி போல எடுத்தாளத்தக்க அளவுக்குப் பழகியவராக இருந்தார் என்பதை எண்ணுகையில் சிரிப்பு வருகின்றது. ஆனால் அவ்வுவமையில் குற்றம் முழுவதும் கேட்டவர்மேல் விழுகின்றது. வைத்தியர் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், செய்யக்கூடியதைச் சொன்னாரா என்பவற்றை உவமை வினவவில்லை. உவமைக்கு அது தேவையில்லை; ஒழுக்கவியலுக்குத் தேவை. அரிஸ்டோட்டிலின் சொந்தக் கொள்கையே அதற்கு வழியும் காட்டுகின்றது. வீடு கட்டிக் கட்டியே கொத்தனாராவது போல, செய்து செய்தே குணம் அமைகின்றது என்பது அவர் கொள்கை. அவ்வாறாயின் பெரிய இலக்கொன்றை எடுத்துக் கூறி அனுப்புவதிலும், மிகச் சிறிய ஒரு செயலைத் தொடங்கச் செய்வதே அவரது நெறிக்கு ஏற்றது. 2010 ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன வழிகாட்டல், ஒரே தொடர்ச்சியாகக் குறைந்தது பத்து நிமிடமேனும் இயங்கினால்தான் கணக்கிற் சேரும் என்றிருந்தது. 2020 இல் அந்நிபந்தனை கைவிடப்பட்டது. சிறிதளவு இயக்கமும் இயக்கமின்மையிலும் மேலானது என்பதே இன்றைய நிலைப்பாடு. ஏழாம் நிமிடத்திலே முழங்கால் நோவெடுக்கும் முதியவளுக்கு இம்மாற்றம் சிறியதன்று.

உரிமை பற்றிய வினாவுக்கு வருவோமாயின், பிளேட்டோவின் முதுமைக்கால நூலான ‘சட்டங்கள்’ இதில் பெரிதும் துணைசெய்கின்றது. அதன் நான்காம் நூலில் இருவகை வைத்தியர் கூறப்படுகின்றனர். அடிமைகளுக்கு வைத்தியம் செய்பவர், பெரும்பாலும் தாமும் அடிமையாக இருப்பவர், ஒரு வகையினர். அவர் நோயாளரின் நோய் குறித்து எக்காரணமும் கூறுவதில்லை, கேட்பதுமில்லை. எல்லாம் அறிந்தவர் போல, கொடுங்கோலன் ஒருவனைப் போலக் கட்டளையிட்டுவிட்டு அடுத்த அடிமையிடம் ஓடுகின்றார். சுதந்திர மனிதருக்கு வைத்தியம் செய்பவர் மற்றைய வகையினர். அவர் நோயை அதன் தொடக்கத்திலிருந்து விசாரிக்கின்றார். நோயாளரோடும் அவர்தம் நண்பரோடும் உரையாடுகின்றார். அவ்வுரையாடலில் தாமும் கற்றுக்கொள்கின்றார். நோயாளரை இணங்கச் செய்யும்வரை எதையும் விதிப்பதில்லை. பிளேட்டோ இதனைச் சட்டமியற்றுவோருக்கு உவமையாகவே கூறினார். எனினும் உவமைக்குள் இருக்கும் வைத்தியம் இன்று உவமேயத்திலும் உயிருள்ளதாக நிற்கின்றது.

இவ்விரு வகைக்கும் இடையிலுள்ள வேறுபாடு வைத்திய அறிவில் இல்லை என்பது நோக்கத்தக்கது. நோயாளரை எவராக மதிப்பது என்பதிலேயே அது தங்கியுள்ளது. அடிமையின் உடல் அடிமைக்குரியதன்று. ஆதலின் அவனிடம் இணக்கம் கேட்க வேண்டியதில்லை. சுதந்திர மனிதனின் உடலும் நேரமும் அவனுக்கே உரியவை. ஆதலின் கேட்டே ஆகவேண்டும். நடக்கச் சொல்லும் உரிமை வைத்தியப் பட்டத்திலிருந்து நேரடியாக வருவதன்று என்பது இதிலிருந்து பெறப்படும். பட்டம், நடை நல்லது என்று கூறும் தகுதியை மட்டுமே அளிக்கின்றது. இன்னாருடைய நாளில், இன்ன வேளையில், நடை இடம்பெற வேண்டும் என்று கூறும் உரிமை, அந்த நாளின் உரிமையாளர் வழங்கினாலன்றி வைத்தியருக்கு இல்லை.

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் வெளிநோயாளர் பிரிவு ஒன்றை நினைத்துப் பார்க்குமிடத்து இக்கொள்கை ஏட்டுச் சுரைக்காயாகத் தோன்றலாம். விடியுமுன் வந்து இலக்கத்துண்டு எடுத்தவர்கள் சுவரோரம் வரிசையாக அமர்ந்திருக்கின்றனர். இன்று பார்த்த வைத்தியரே அடுத்த முறையும் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. எவரிடமும் பணம் கேளாமல் எல்லோரையும் பார்த்தனுப்பும் அமைப்பு இது. அதன் பெருமையை எவரும் குறைத்துரைத்தல் ஆகாது. ஆனால் நேர நெருக்கடியில் பிறக்கும் பேச்சு, பிளேட்டோ சொன்ன முதல் வகைப் பேச்சாகவே அமைந்துவிடுகின்றது. அங்கே அவமதிப்பு நோக்கமன்று. விளைவு மட்டும் ஒன்றே. மாலையில் பணம் கொடுத்துப் பார்க்கும் தனியார் டிஸ்பென்சரியிலோ வேறொரு தடை உண்டு. பணம் கொடுத்தவர் கையில் மருந்தோடு திரும்ப விரும்புகின்றார். வெறும் பேச்சுக்கு நூறுகளை எண்ணிக் கொடுப்பதற்கு எவர் மனமும் எளிதில் இடங்கொடாது. இவ்விரண்டுக்கும் நடுவே, ஒரே குடும்பத்தை ஆண்டுக்கணக்காக அறிந்த பழைய ஊர் வைத்தியருக்குத்தான் நடையைப் பற்றிப் பேசுவதற்கு உண்மையான வாய்ப்பு உண்டு. இன்று பேசி முடியாததை அடுத்த மாதம் பேசலாம் என்பதே அவருடைய பெரிய செல்வம்.

இனி, அதே பிளேட்டோ ‘குடியரசு’ மூன்றாம் நூலில் காட்டும் தச்சனையும் காணவேண்டும். நோயுற்ற தச்சன் ஒருவன் வைத்தியரிடம் விரைவான மருந்தை எதிர்பார்க்கின்றான். கசப்போ கத்தியோ எதுவாயினும் சம்மதம். நீண்டகால ஒழுக்கமுறை ஒன்றை வைத்தியர் விதிப்பாராயின், நோயாளியாக இருப்பதற்குத் தனக்கு நேரமில்லை என்று கூறி அவன் தன் பட்டறைக்குத் திரும்பிவிடுகின்றான். பிழைத்தால் வேலை செய்து வாழ்வான். இல்லையேல் இறந்து தொல்லை நீங்குவான். உடற்பயிற்சியையும் வைத்தியத்தையும் கலந்து தம்மையும் பிறரையும் வாட்டினார் என்று ஹெரோடிக்கஸ் என்னும் பயிற்சியாளரைக் கேலிசெய்யும் அவ்விடத்தில், தச்சனின் மறுமொழி பாராட்டப்படுகின்றது. அப்பாராட்டு கொடியது. வேலை செய்ய முடியாத உயிருக்கு வாழும் நியாயமில்லை என்பதே அதன் உட்பொருள். ஆனால் தச்சன் கூறிய சொல், பிளேட்டோவின் கைக்குத் தப்பி, வேறோர் உண்மையைப் பேசுகின்றது. நீண்ட ஒழுக்கமுறை என்பது ஓய்வு உடையவருக்கே விதிக்கத்தக்கது.

மலைச்சரிவில் காலை முதல் மாலைவரை நின்று, முதுகில் கூடையோடு கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் குருதியமுக்கம் இருப்பது காணப்படுகின்றது என்று கொள்வோம். அவளிடம் ‘தேகப்பயிற்சி செய்ய வேண்டும்’ என்று சொல்வது, மழையில் நனைந்து வந்தவளிடம் குளிக்கச் சொல்வது போலாகும். அவளுக்கு வேண்டியது வேறு. அது உப்போ, உறக்கமோ, ஓய்வோ ஆகலாம். ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் குனிந்திருப்பவளுக்கு இயக்கம் மெய்யாகவே குறைவு. ஆனால் அவளுடைய எழுதலும் இருத்தலும் அவள் கையில் இல்லை. அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருப்பவருக்கு ஓரளவு கையில் உண்டு. இம்மூவருக்கும் ஒரே துண்டில் ஒரே சொல்லை எழுதிக் கொடுத்தல் சமத்துவம் ஆகாது.

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் ஐம்பத்தைந்து வயதான ஒருத்தியின் நிலை இன்னும் நுட்பமானது. அவளுக்கு மாலையில் நேரம் உண்டு, ஒழுங்கையும் உண்டு. ஆனால் காரணமின்றி ஒழுங்கையில் நடக்கும் பெண்ணை ஊர் காரணம் கேட்கும். ‘எங்கை போறா?’ என்னும் வேலியோரக் கேள்விக்குச் ‘சும்மா நடக்கிறேன்’ என்பது விடையாகாது. கடைக்குப் போனால் விடையுண்டு. கோயிலுக்குப் போனால் விடையுண்டு. இதனை அறிந்த வைத்தியர் அவளிடம் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதுண்டா என்று கேட்பார். உள்வீதியை மூன்று முறை சுற்றுபவள் வெளிவீதியையும் சுற்றினால் என்ன, வெள்ளியோடு செவ்வாயும் போனால் என்ன என்று பேச்சு அங்கிருந்து வளரும். பக்தியை மருந்தாக்குதல் தகுமா என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். அவள் ஏற்கெனவே நடக்கும் இடத்தில் இன்னும் சிறிது நடப்பதற்கு மறுப்பேதும் சொல்வதற்கில்லை. அவளது வழிபாட்டை வைத்தியர் அளந்து எண்ணத் தொடங்கும்போதே மறுப்புக்கு இடமுண்டாகும். உலகெங்கும் இயக்கம் போதாதவர்களுள் ஆண்களிலும் பெண்களே அதிகம். 2022 ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவன மதிப்பீட்டின்படி வளர்ந்தோருள் 31 வீதத்தினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். பெண்களிடையே அது 34 வீதம், ஆண்களிடையே 29 வீதம். பெண்கள் குணத்தாற் சோம்பியவர்கள் என்று இதனை விளக்க முனைபவர், ஒரு நாள் அடுக்களையில் நின்று பார்ப்பது நன்று.

இவ்விடத்தில் தொடக்கத்திற் கண்ட கூற்றின் இலக்கணத்தை ஒருமுறை நோக்குதல் பயனுடையது. ‘கேட்டல்’ என்னும் தமிழ்வினைக்குச் செவிமடுத்தல், சொற்படி நடத்தல், வினவுதல் ஆகிய பொருள்கள் உள. ‘கேட்கவில்லை’ என்னும் வடிவமோ தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் வேறுபாடு காட்டுவதில்லை. ‘சொன்னேன், கேட்கவில்லை’ என்கின்ற வைத்தியர் நோயாளரைக் குறித்தே பேசுகின்றார். ஆயின் வாக்கியம் அவரையும் குறிக்கின்றது: சொன்னார், வினவவில்லை. நாளை எப்படிக் கழிக்கின்றீர்கள், முன்பு எப்போதாவது நடந்ததுண்டா, எதனால் நின்றது என்பவை வினவப்படாமலே விடை மட்டும் வழங்கப்பட்டுவிட்டது.

வினவத் தொடங்கினால் என்ன நிகழும் என்பதற்கு நியூசிலாந்தின் அனுபவம் ஒன்று உண்டு. அங்கே 1990களின் இறுதியிலிருந்து ‘பச்சைத் துண்டு’ எனத் தமிழில் கூறத்தக்க ஒரு முறை வழக்கிலுள்ளது. குடும்ப வைத்தியரோ தாதியோ நோயாளரோடு சிறிது நேரம் உரையாடி, அவருக்கு இயன்ற இயக்கம் எது, எவ்வளவு என்பதை அவரோடு சேர்ந்தே தீர்மானித்து, மருந்து எழுதுவது போல ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பர். பின்னர், அவர் சம்மதத்தோடு, வேறொருவர் சில மாதங்களுக்குத் தொலைபேசியில் அழைத்து எப்படிப் போகின்றது என்று விசாரிப்பார். வைக்காட்டோ பிரதேசத்தில் 42 வைத்திய நிலையங்களில், 40 முதல் 79 வயது வரையிலான, இயக்கம் குறைந்த 878 பேரிடம் இம்முறை பரிசோதிக்கப்பட்டது. முடிவுகள் 2003 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தன. ஓராண்டின் பின், வழமையான கவனிப்பைப் பெற்றவர்களோடு ஒப்பிடுகையில், துண்டு பெற்றவர்களுள் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஒருவர் என்னும் அளவில், வாரத்துக்கு இரண்டரை மணித்தியால இலக்கை எட்டியவர் தொகை கூடியிருந்தது. குருதியமுக்கத்தில் திட்டமான வேறுபாடு புலப்படவில்லை. தம் உடல்நிலை பற்றி அவர்களே கூறிய மதிப்பீடு மேம்பட்டிருந்தது.

பத்துக்கு ஒன்று. இதனைக் கேட்டுச் சலித்துக்கொள்பவரும் உண்டு, வியப்பவரும் உண்டு. வைத்தியத்துறை அறிந்தவர்கள் வியப்பர். பெரிதும் போற்றப்படும் மருந்துகள் பலவற்றில் ஒருவர் பயன்பெறப் பத்திலும் மிகப் பலர் உட்கொள்ள வேண்டியுள்ளது. ஆனால் ஒழுக்கவியலுக்கு முக்கியமானவர்கள் மீதி ஒன்பது பேர். குளிசை பயன் தராதபோது வைத்தியர் நோயாளரைக் கடிந்துகொள்வதில்லை. குளிசையை மாற்றுகின்றார், அளவை மாற்றுகின்றார், நோயறிதலையே மீளாய்வு செய்கின்றார். அறிவுரை பயன் தராதபோது மட்டும் நோயாளர் குற்றவாளியாகின்றார். அதே அறிவுரை, முன்னிலும் உரத்த குரலில், மீண்டும் கொடுக்கப்படுகின்றது. பலிக்காத மருந்தை அதே அளவில் பத்தாண்டுக் காலம் எழுதிக்கொண்டிருக்கும் வைத்தியரை எவரும் நல்ல வைத்தியர் என்னார். அறிவுரையும் ஒரு சிகிச்சையே என்று ஒப்புக்கொண்டால், அதற்கும் அளவும் காலமும் பக்கவிளைவும் உண்டென்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதன் பக்கவிளைவுகளுள் தலையாயது பொய். “நடக்கிறீங்களோ?” என்ற கேள்விக்கு “ஓம் டொக்டர், நடக்கிறன்” என்னும் விடை அந்த அறையின் மரியாதையில் அடங்கியது. கிளினிக் நாளுக்கு இரண்டு நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்து, இரத்தப் பரிசோதனையில் நல்ல பிள்ளையாகத் தோற்ற முயலும் நீரிழிவு நோயாளரை எல்லோரும் அறிவர். ஐம்பது அறுபது வயதுடைய, பிள்ளை குட்டிகளை வளர்த்து ஆளாக்கிய ஒருவர், தம் மகன் வயதுடைய ஒருவர் முன் பள்ளி மாணவன் போலப் பொய் சொல்லும் நிலை இழிவானது. அவ்விழிவுக்குப் பொய் சொன்னவர் மட்டும் பொறுப்பல்லர். கடிந்துரைக்கும் வைத்தியர் தாம் அறிந்துகொள்ளும் வழியைத் தாமே அடைத்துவிடுகின்றார். இன்னும் சிலர் பொய்யும் சொல்வதில்லை, வராமலே விட்டுவிடுகின்றனர். அதன்பின் குருதியமுக்கத்தை அளப்பவரும் இல்லை.

அங்ஙனமாயின் நோயாளருக்குப் பொறுப்பே இல்லையா? இவ்வாட்சேபம் வலியது. குளிசை விழுங்கப்பட்டபின் ஒருவரது சித்தத்தை வேண்டாமலே வேலைசெய்கின்றது. நடையோ அவரது செயல். செயலுக்கு உரியவரைப் பொறுப்பிலிருந்து முற்றாக விடுவிப்பது அவரைப் பொருளாக மதிப்பதேயன்றி ஆளாக மதிப்பதாகாது. சூழ்நிலைமேல் எல்லாவற்றையும் சாட்டிவிடுபவர், கனிவுடையவர் போலத் தோன்றினும், எதிரிலிருப்பவரால் எதுவும் இயலாது என்று தீர்ப்பிடுகின்றார். இதில் இரண்டு வினாக்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒருவர் தம் செயலுக்குப் பொறுப்புடையவரா என்பது ஒன்று. அதற்காக அவரைக் கண்டிக்கும் அதிகாரம் எவருக்குரியது என்பது மற்றொன்று. முன்னதற்கு ஆம் என்று விடையிறுப்பவர் பின்னதில் வைத்தியரின் பெயரை எழுத வேண்டியதில்லை. மனைவி கண்டிக்கலாம், மகள் கோபிக்கலாம், அவர்கள் அந்த வாழ்க்கையில் பங்குடையவர்கள். வைத்தியர் பங்குடையவர் அல்லர், நீதிபதியும் அல்லர்.

ஜோன் ஸ்ருவேர்ட் மில் 1859 இல் வெளியிட்ட ‘சுதந்திரம் பற்றி’ என்னும் நூலில், ஒருவர் தமக்கே தீங்கு செய்துகொள்ளுமிடத்து அவரோடு வாதிடலாம், வேண்டிக்கொள்ளலாம், இணங்கச் செய்யலாம். வற்புறுத்தல் மட்டும் ஆகாது என்று எல்லை வகுத்தார். அவ்வெல்லை இங்கு முழுமையாகப் போதாது. வைத்தியருக்கு எதிரே இருப்பவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, அச்சத்தோடு, பெரும்பாலும் கல்வியிலும் வருவாயிலும் தாழ்ந்த நிலையில் இருக்கின்றார். அந்த நாற்காலியிலிருந்து புறப்படும் வேண்டுகோளும் கட்டளை போலவே ஒலிக்கும். ஆதலின் இணங்கச் செய்தல் உண்மையில் இணங்கச் செய்தலாக இருக்கவேண்டுமாயின், மறுக்கவும் இடமுண்டு என்பது முதலில் தெரிவிக்கப்படல் வேண்டும். இப்போது இயலாது என்று கூறியவருக்கும் அடுத்த மாதம் அதே முகத்தோடு மருந்து எழுதப்படும் என்னும் நம்பிக்கையே அவ்விடத்தை உண்டாக்குகின்றது. மறுக்க முடிந்தவரே உடன்பட முடியும்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் உண்ணுதலைப் பற்றி விரிவாகப் பேசுகின்றது. உடலை அசைக்கச் சொல்லவில்லை. வயலிலும் வழியிலும் கால் ஓயாத மக்களுக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை போலும். ஆனால் அவ்வதிகாரத்தின் இறுதி இரண்டு குறள்களும் இப்பொருளுக்கு நேரே உரியன. வைத்தியன் கருத வேண்டியவற்றுள் நோயுற்றவனின் அளவு நோயின் அளவுக்கும் முன்னே வைக்கப்படுகின்றது. மருந்து என்பது நான்கு கூறாக வகுக்கப்படும்போது அவற்றுள் ஒன்றாக, முதலாவதாக, நோயுற்றவனே எண்ணப்படுகின்றான். நோயாளர் மருந்தைப் பெறுபவர் மட்டுமல்லர். மருந்தின் ஒரு பகுதி. அருகிருந்து உதவுபவரும் ஒரு பகுதி என்பது அதனிலும் கவனிக்கத்தக்கது. நியூசிலாந்தின் தொலைபேசிக் குரல் செய்த வேலையை இங்கு ஒரு பேரப்பிள்ளை செய்யலாம்; அயல்வீட்டுப் பெண் செய்யலாம். தனியே நடக்கத் தயங்குபவள் இருவராக நடப்பாள்.

வைத்தியரின் அறையோடு முடியாத ஒரு கடமையும் உண்டு. ஒரே ஊரிலிருந்து வரும் இருபது பேர், தெருவிளக்கில்லை, நடைபாதையில்லை, கட்டாக்காலி நாய்கள் விடுவதில்லை என்று ஒரே தடையைக் கூறுவாராயின், அத்தடையைப் பற்றிய மிகச் சிறந்த அறிவு பிரதேச சபையிடம் இல்லை, அந்த வைத்தியரிடமே உள்ளது. அதனை அறைக்குள் வைத்துக்கொண்டு இருபது பேரையும் தனித்தனியே சோம்பேறிகள் எனக் குறித்துக்கொள்வது அறிவுத்துறையிலும் நேர்மையன்று. 1854 இல் இலண்டனில் கொலரா பரவியபோது ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் நோயாளருக்கு நீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்வதோடு நில்லாமல், வட்டார அதிகாரிகளிடம் சென்று குழாய்க் கிணறொன்றின் கைபிடியை அகற்றச் செய்தார். இலங்கையிலும் தொற்றா நோய்களை முன்கூட்டியே கண்டறிந்து வாழ்க்கைமுறை பற்றி ஆலோசனை கூறும் நிலையங்கள் 2011 முதல் அமைக்கப்பட்டு வருகின்றன. அவற்றுக்கு வருபவர்களுள் ஆண்கள் குறைவு என்பது தொடக்க முதலே உணரப்பட்ட குறை. வேலை நேரத்தில் திறந்து வேலை நேரத்தில் மூடும் இடத்துக்கு நாட்கூலி பெறுபவர் எப்போது வருவார் என்று கேட்பதும் வைத்தியம் சார்ந்த கேள்வியே.

இனி எஞ்சுவது அடுத்த சந்திப்பு. “நடந்தீங்களோ?” என்று கேட்கப்பட்டால் அதற்குச் சரியான விடை ஒன்றும் பிழையான விடை ஒன்றும் உள, நோயாளர் சரியானதைச் சொல்லிவிடுவார். “போன மாதம் பேசினது எப்படிப் போச்சுது?” என்று கேட்கப்பட்டால், நான்கு நாள் போனதாகவும், ஐந்தாம் நாள் மூலைவளவு நாய் துரத்தியதால் நிறுத்திவிட்டதாகவும் அவர் சொல்லக்கூடும். நாய் எந்த வளவு நாய், மற்றப் பக்கத்தால் வாய்க்கால் கரை வழியே போக முடியாதா, காலையில் அது கட்டியிருக்குமா என்று வைத்தியர் கேட்பார். வெளியே வரிசையில் இருப்பவர்கள் நேரமாகின்றதென்று முணுமுணுப்பர்.